பின்னச்சின் பற்சக்கரங்கள்

மோட்டார் வண்டி ஒன்றின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினையே பேசுவர். அதனினும் மிகுதியாக அதன் வண்ணத்தையும் வடிவையும் புகழ்வர். வண்டியின் பின்புறத்தே, நிலத்திற்கு அணித்தாய், சேறும் புழுதியும் படிந்து, எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும் ஓர் இரும்புக் குடத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், எஞ்சினில் பிறந்த ஆற்றல் சக்கரங்களைச் சென்று சேர்வது அக்குடத்தின் வழியாகவே. அதனுள் அமைந்த பற்சக்கரங்கள் இல்லையேல், எத்துணை வலிய எஞ்சினும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். வண்டி ஓரடியும் நகராது.

அப்பற்சக்கரங்கள் செய்யும் தொழில் யாது? பழைய வண்டி ஒன்றில் அவற்றை மாற்றி அமைப்போர் எப்பயன் கருதி அங்ஙனம் செய்கின்றனர்? அதனால் வரும் நன்மையும் தீமையும் யாவை? இவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

மூவகைத் தொழில்

மாட்டு வண்டியின் அச்சு அசையாது நிற்கும். சக்கரங்கள் இரண்டும் அவ்வச்சின் நுனிகளில் தனித்தனியே சுழலும். அவ்வண்டியை இழுப்பவை காளைகளே ஆதலின், சக்கரங்கள் தாமாக ஒன்றையும் செய்ய வேண்டுவதில்லை. மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதன் பின்சக்கரங்களே நிலத்தை உதைத்து வண்டியை முன்னே தள்ளுகின்றன. எனவே அவற்றை எஞ்சின் சுழற்றுதல் வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்புறத்தில் இருக்கும். அதன் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து, வண்டியின் அடியில் நீளவாட்டத்திற் கிடக்கும் ஒரு தண்டின் வழியே பின்னோக்கி வரும். அத்தண்டின் முடிவில் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் இருக்கும். அது கிரௌன் என்னும் பெரிய வட்டப் பற்சக்கரத்தோடு பல்லுக்குப் பல் பொருந்திச் சுழலும். இவ்விரண்டும் கூடி இரு தொழில்களைச் செய்கின்றன. நீளவாட்டத்தில் வரும் சுழற்சியைக் குறுக்குவாட்டத்திற்குத் திருப்புதல் ஒன்று. சுழற்சியின் வேகத்தைக் குறைத்து, அக்குறைவுக்கு ஈடாக அதன் வலிமையைப் பெருக்குதல் மற்றொன்று. இவையன்றி மூன்றாவது தொழில் ஒன்றும் உண்டு. அதுவே மிக நுட்பமானது.

வளைவில் தோன்றும் இடர்ப்பாடு

வண்டி நேரே செல்லுங்கால் இரு பின்சக்கரங்களும் ஒரே தொலைவைக் கடக்கும். வளைவில் திரும்புங்காலோ, வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்தையும் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தையும் சுற்றி வருதல் வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஏறத்தாழ 1.28 மீட்டர் எனக் கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 8 மீட்டர் அளவு மிகுதியாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதாயினும் பெரியதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை என்பதை நீங்களே கணக்கிட்டுத் தெளியலாம். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டராயின், வெளிச்சக்கரம் ஏறக்குறைய நாலரைச் சுற்று அதிகமாகச் சுழன்றாக வேண்டும்.

இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்துவிட்டால் இவ்வேறுபாட்டிற்கு இடமேது? ஒரு சக்கரம் சாலையிற் தேய்ந்து இழுபடும். டயர் விரைவில் அழியும். தண்டு முறுக்குண்டு ஒடியவும் கூடும். வண்டியும் எளிதில் திரும்பாது. இவ்விடரை நீக்குவதே டிபரன்ஷியல் என வழங்கும் அமைப்பாகும். சுழற்சியின் வேறுபாட்டிற்கு இடங்கொடுப்பது என்பது அப்பெயரின் கருத்து.

நுகத்தடியும் டிபரன்ஷியலும்

இதன் இயல்பை விளங்கிக்கொள்ள உழவனுடைய நுகத்தடியை நினைவிற் கொள்க. நுகத்தின் நடுவில் ஏர்க்கால் பூட்டப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் இரு காளைகள் நிற்கின்றன. வலக்காளை ஓரடி முந்தினால் நுகம் சாயும். இடக்காளை ஓரடி பிந்தும். ஆயினும் நடுவில் உள்ள ஏர்க்கால் இரண்டன் சராசரி அளவே முன்னேறும்.

டிபரன்ஷியலும் இத்தகையதே. கிரௌன் சக்கரத்தோடு ஒரு கூடு பிணைக்கப்பட்டு அதனுடன் சுழல்கிறது. அக்கூட்டின் நடுவே ஒரு குறுக்கு ஊசியில் இரு சிறு பற்சக்கரங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றின் இரு மருங்கிலும் இரண்டு பக்கப் பற்சக்கரங்கள் உள. அரைத்தண்டுகள் எனப்படும் இரு தண்டுகள் இப்பக்கப் பற்சக்கரங்களிலிருந்து புறப்பட்டு இரு பின்சக்கரங்களையும் சென்று சேர்கின்றன. நேரே செல்லும்போது சிறு பற்சக்கரங்கள் தம் ஊசியிற் சுழலாமல், கூட்டோடு கூடவே சுற்றி வரும். இரு தண்டுகளும் ஒரே வேகத்திற் சுழலும். வளைவிலோ, சிறு பற்சக்கரங்கள் தம் ஊசியில் மெல்ல உருளத் தொடங்கும். ஒரு தண்டு எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு மற்றது முந்தும். கூட்டின் வேகம் இரண்டன் சராசரியாகவே இருக்கும். நுகத்தின் நடு சாலைக்கும், முனைகள் காளைகளுக்கும் ஒத்தவாறு நிற்பதுபோல, இங்கே கூடு எஞ்சினுக்கும் தண்டுகள் சக்கரங்களுக்கும் ஒத்து நிற்கின்றன.

இவ்வமைப்பு மோட்டார் வண்டிக்கு முன்பே தோன்றியது. பிரான்சு நாட்டில் ஒனேசிபோர் பெக்கர் என்னும் பொறியறிஞர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்து உரிமை பெற்றார். இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மூன்று சக்கர மிதிவண்டியில் இதனைப் பயன்படுத்தினார். செருமானியரான கார்ல் பென்ஸ் 1885-இல் செய்து 1886-இல் உரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் இது இடம்பெற்றது. மின்னாற்றலால் ஓடும் இக்கால வண்டிகளிலும் ஒற்றை மோட்டார் இரு சக்கரங்களை இயக்கும் இடத்தில் இவ்வமைப்பையே காண்கிறோம்.

பற்களின் கணக்கு

இனி, கிரௌனும் பினியனும் செய்யும் வேகக்குறைப்பைக் காண்போம். கிரௌனில் 41 பற்களும் பினியனில் 9 பற்களும் இருப்பின், 41-ஐ 9-ஆல் வகுக்க 4.555 வரும். இதனைப் பின்னச்சின் விகிதம் என்பர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.555 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது இதன் பொருள்.

40-ஐயும் 10-ஐயும் போல எளிய எண்களைக் கொள்ளாது, 41, 9 என்று பொதுக்காரணி இல்லாத எண்களைத் தேர்ந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். பொதுக்காரணி உள்ள எண்களாயின், பினியனின் ஒரு பல் கிரௌனின் குறிப்பிட்ட சில பற்களையே மீண்டும் மீண்டும் சந்திக்கும். ஒரு பல்லிற் குறை இருப்பின் அச்சில பற்களே அதனால் தேயும். 41-உம் 9-உம் ஆயின், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் எல்லாப் பற்களையும் முறைமுறையே சந்தித்த பின்னரே முதற் பல்லுக்குத் திரும்பும். தேய்வு எங்கும் ஒரு சீராகப் பரவும். சிறு எண்ணிலும் எத்துணைச் சிந்தனை அடங்கியுள்ளது காண்மின்!

ஒரு வண்டியின் வரலாறு

விகிதத்தை மாற்றுவதன் பொருளை ஒரு வண்டியின் வாயிலாகக் கற்றல் நன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர் வகுத்த மாரிஸ் மைனர் என்னும் சிறு வண்டி 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை செய்யப்பட்டது. பத்து இலட்சம் எண்ணிக்கையைக் கடந்த முதல் பிரித்தானிய வண்டி அதுவே. இலங்கையின் சாலைகளிலும் அது நெடுங்காலம் ஓடிற்று. இன்றும் அதனைப் பேணி ஓட்டுவோர் பல நாடுகளில் உளர்.

1952-இல் அவ்வண்டிக்கு 803 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 30 குதிரைத்திறனே. சிறிய எஞ்சின் பெரிய சுமையை இழுக்க வேண்டுமாதலின், பின்னச்சின் விகிதம் 5.375 என வைக்கப்பட்டது. 1956-இல் எஞ்சின் 948 கன சென்டிமீட்டராக வளர்ந்தது, விகிதம் 4.555 ஆகக் குறைந்தது. 1962-இல் எஞ்சின் 1098 கன சென்டிமீட்டர் ஆயிற்று; விகிதமும் 4.222 ஆயிற்று. எஞ்சினின் வலிமை வளர வளர விகிதம் இறங்கி வந்தமையை நோக்குக. வலியவனுக்கு நீண்ட நெம்புகோல் வேண்டுவதில்லை அன்றோ?

மாற்றம் தரும் நன்மை

அக்காலத்துச் சாலைகளும் வேகமும் வேறு. இக்காலத்து நெடுஞ்சாலைகள் வேறு. விரைந்து செல்லும் வண்டிகளுக்கிடையே பழைய வண்டியை ஓட்டுவோர், அதன் எஞ்சின் ஓயாது இரைந்து வருந்துவதைக் கேட்பர். எனவே அவருட் சிலர் பின்னச்சின் விகிதத்தை இன்னும் குறைக்க விரும்புகின்றனர். மாரிஸ் மைனரின் பின்னச்சு, எம். ஜி. மிட்ஜெட், ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்னும் விளையாட்டு வண்டிகளின் பின்னச்சோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வண்டிகளில் 3.909, 3.727 என்னும் விகிதங்களும் வழங்கின. ஆதலின் அவற்றின் பற்சக்கரத் தொகுதியை மைனருக்குப் பொருத்துவது பலர் கையாளும் முறை.

சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனவும், வண்டி மேல் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்வதாகவும் கொள்வோம். அப்பொழுது சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 741 முறை சுழலும். மைனரில் மேல் கியரின்போது எஞ்சினும் நீளத்தண்டும் ஒரே வேகத்திற் சுழல்வன. ஆகவே 4.555 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 3,370 சுற்றும், 4.222 விகிதத்தில் 3,130 சுற்றும், 3.909 விகிதத்தில் 2,900 சுற்றும் சுழலும். முதலுக்கும் இறுதிக்கும் உள்ள வேறுபாடு நிமிடத்திற்கு 470 சுற்றுக்கும் மேலாகும். எஞ்சினின் இரைச்சல் தணிகிறது, தேய்வு குறைகிறது, சமநிலத்தில் சீராகச் செல்லுங்கால் எரிபொருளும் மிச்சமாகலாம்.

ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல்

ஆயினும் இயற்கை எதனையும் விலையின்றி அளிப்பதில்லை. விகிதத்தை 4.555-இலிருந்து 3.909 ஆக்கினால், சக்கரங்களைச் சேரும் இழுப்பு வலிமை நூற்றுக்குப் பதினான்கு அளவு குறைந்துவிடும். சமநிலத்தில் இக்குறை தோன்றாது. மலைச்சாலையில் நால்வரை ஏற்றிச் செல்லுங்கால் அது நன்கு புலப்படும். மேல் கியரில் ஏறிய மேட்டில் கீழ்க் கியருக்கு இறங்க நேரும். நின்ற இடத்திலிருந்து புறப்படுதலும் கடினமாகும். கிளச்சு விரைவில் தேயும். 803 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு 3.727 விகிதத்தைப் பூட்டுதல், இளங்கன்றின் கழுத்தில் பெருவண்டியின் நுகத்தை ஏற்றுவதற்கு ஒப்பாகும். எஞ்சினின் வலிமை, செல்லும் வழி, ஏற்றும் சுமை ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே விகிதத்தைத் தேர்தல் வேண்டும்.

மறைந்து நிற்கும் இடர்கள்

இழுப்பு வலிமை குறைவதை ஓட்டுபவன் உடனே உணர்வான். உணரப்படாது மறைந்து நிற்கும் இடர்கள் இரண்டு உள. உயிருக்கே ஊறு விளைப்பன அவை.

மைனரில் வேகங்காட்டும் கருவியைச் சுழற்றும் கம்பி கியர்ப் பெட்டியிலிருந்து புறப்படுகிறது. பின்னச்சின் விகிதம் மாறியதை அக்கருவி அறியாது. 4.555 விகிதத்துக்கென அமைந்த கருவியை வைத்துக்கொண்டு 3.909 விகிதத்தில் ஓட்டினால், கருவி 80 என்று காட்டும்பொழுது வண்டி உண்மையில் 93 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓட்டுபவன் கருவியை நம்பி வளைவில் நுழைவான். அந்நம்பிக்கையே அவனுக்குப் பகையாகும். எனவே கருவியைப் புதிய விகிதத்திற்கேற்பத் திருத்தி அமைத்தல் இன்றியமையாதது.

மற்றோர் இடர் பிரேக்கைப் பற்றியது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 80 கிலோமீட்டர் வேகம் 100 ஆகும்போது வேகம் கால் பங்கே கூடுகிறது. பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்கினும் மிகுகிறது. மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய முறை டிரம் பிரேக்குகளே. முதலில் நிறுத்தும் திறனைச் செம்மை செய்து, அதன் பின்னரே விரைந்து செல்லும் திறனை நாடுதல் அறிவுடைமை. இம்முறை பிறழ்ந்தால், வருவது ஓட்டுபவனுக்கு மட்டுமன்று. சாலையோரத்தில் நடந்து செல்லும் குற்றமற்றவருக்கும் ஆகும்.

பொருத்தும் முறை

மைனரின் பின்னச்சில் பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுத்தல் இயலும். முதலில் முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துதல் வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழைதல் ஆகாது. பின் பழைய எண்ணெயை வடித்து, சக்கரங்களையும் டிரம்களையும் கழற்றி, அரைத்தண்டுகளை வெளியே இழுத்து, நீளத்தண்டைப் பிரிப்பர். பிரிக்குமுன் அதன் இணைப்பில் ஓர் அடையாளம் இடுவது நல்ல வழக்கம்; மீண்டும் அதே நிலையிற் பூட்ட அஃது உதவும். இறுதியாகச் சுற்றிலும் உள்ள நட்டுகளை அகற்றித் தொகுதியை வாங்குவர். புதிய தொகுதியை வைக்குமுன், அரைத்தண்டுகளின் நுனியில் உள்ள வரிப்பற்கள் அதனோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தொகுதியை முழுதாக மாற்றாமல், அதனுள் உள்ள கிரௌனையும் பினியனையும் மட்டும் மாற்றுவது கைதேர்ந்தோர் தொழில். அவ்விரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரைத்து இணையாக்கப்பட்டவை. ஒரு கிரௌனை வேறொரு பினியனோடு சேர்த்தல் எக்காலத்தும் தகாது. பற்களுக்கிடையே விடும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்கே. அஃது இறுகினால் பற்கள் சூடேறிக் கருகும். தளர்ந்தால் ஒன்றையொன்று மோதி உடையும். பற்களில் நீலக் குழம்பைப் பூசிச் சுழற்றி, அவை எவ்விடத்தில் தொடுகின்றன என்று தேர்ந்து, மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரி செய்வர். செம்மையாக அமையாத தொகுதி, வண்டி ஓடுங்கால் ஊளையிட்டுத் தன் குறையைத் தானே அறிவிக்கும்.

இவ்வச்சில் உள்ளவை ஹைப்பாய்டு வகைப் பற்கள். பினியன், கிரௌனின் நடுவுக்கு நேரே அமையாமல் சற்றுத் தாழ்ந்து அமைவது இவ்வகையின் இயல்பு. இதனால் நீளத்தண்டும் தாழ்ந்து, வண்டியின் தளத்தையும் தாழ்வாக அமைக்க முடிகிறது. ஆனால் இப்பற்கள் உருள்வதோடு நில்லாது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்வன. பேரழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்த தடித்த கியர் எண்ணெய் இல்லையேல் அவை நெடுநாள் நில்லா.

ஒரு சக்கரம் வழுக்கினால்

டிபரன்ஷியலுக்கு ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் சம வலிமையையே பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதற்கு வேண்டும் வலிமை மிகச் சிறிது. மற்றதற்கும் அச்சிறிதே கிட்டும். ஒன்று வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும். இக்குறையைப் போக்க, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல்கள் தோன்றின. கூட்டினுள் உராய்வுத் தகடுகளை அடுக்கியவை ஒரு வகை. சாய்ந்த பற்களின் நெருக்கத்தால் பிடிப்பவை மற்றொரு வகை. பந்தயத்திற்கும் வலிய எஞ்சினுக்கும் இவை பயன்படும். 48 குதிரைத்திறன் உள்ள எளிய குடும்ப வண்டிக்கு இவற்றின் தேவை அரிது. மெல்லிய அரைத்தண்டுகளின் மேல் சுமை ஏறும் அச்சமும் உண்டு.

சேம அச்சு

உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் சேமமாகக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றில் ஔவையார் பாடலால் நாம் அறியும் செய்தி. வழியில் அச்சு ஒடியினும் பயணம் ஒடியலாகாது என்பது அவர் கருத்து. பழைய மோட்டார் வண்டியை மாற்றி அமைப்போரும் இவ்வறிவைப் பின்பற்றுதல் நன்று. கழற்றிய பழைய தொகுதியை எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிப் பொதிந்து வைத்தல் வேண்டும். அவ்வண்டி அடுத்த தலைமுறையினர் கைக்குச் செல்லும் நாளில், அது பிறந்த வடிவிலேயே ஓடுவதைக் காண அவர்கள் விரும்பக்கூடும். மீட்க முடிந்த மாற்றமே சிறந்த மாற்றம்.

செய்யுளில் ஒரு சீரை மாற்றினால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள தளையைப் பார்க்க வேண்டும் என்பது யாப்பறிந்தோர் நெறி. பொறியிலும் நெறி அதுவே. பற்சக்கரம் ஒன்றை மாற்றியவன் எஞ்சினையும், பிரேக்கையும், வேகங்காட்டும் கருவியையும், தான் செல்லும் வழியையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணியவனுக்குப் பழைய வண்டி புதிய சாலையிலும் அமைதியாக ஓடும்; வண்டியின் அடியிற் கிடக்கும் இரும்புக் குடமும் தன் பணியை ஓசையின்றிச் செய்யும்.